அம்மா கூத்துப் பார்த்தார்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது திதி முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கும். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகாவது இதை முழுதாகப் படியுங்கள் என்று உறவினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

போன வருடம் அம்மாவின் கருமாதிப் பத்திரிகையில், "அண்ணன் குடும்பத்துக்காகவே வாழ்ந்து மறைந்த தியாகச் சுடர்" என்று அச்சிட்டிருந்தார்கள். வாசகம் யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை. அது பொய். அந்தப் பொய் இரண்டாவது முறை அச்சேறக் கூடாது என்றுதான் இந்த மலரை நானே எழுதி, நானே சென்னையில் அச்சுக்குக் கொடுத்தேன். அம்மாவுக்கு ஒரே மகள் நான். எனக்கு அந்த உரிமை உண்டு.

அம்மா பிறந்தது கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த ஒரு சிற்றூரில். என் மாமாவுக்கு நேர் இளைய தங்கை. நைனா, என் அப்பா, விஷக் காய்ச்சலில் இறந்தபோது நான் அப்போதுதான் நடை பழகியிருந்தேன். அம்மாவுக்கு இருபது வயது தாண்டியிருக்கும், அவ்வளவுதான். மாமா வந்து எங்கள் இருவரையும் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே அம்மாவுக்கு ஒரு வெள்ளைப் புடவையும் அடுப்படியும் கிடைத்தன. கல்யாண வீட்டில் முன்னால் நிற்கக் கூடாது. ஊரில் பாரதக் கூத்து நடந்தால் எட்டிப் பார்க்கக் கூடாது. கூத்துச் சத்தம் காற்றில் வரும்போது அம்மா கொல்லைப் பக்கம் நின்று கேட்பாராம்.

ஊசி போட ஆள் இருந்திருந்தால் நைனா பிழைத்திருப்பார் என்பது அம்மாவின் தீராத எண்ணம். அதனாலேயே சென்னைக்குப் போய் நர்ஸ் பயிற்சியில் சேருகிறேன் என்று ஒருநாள் சொன்னார். வீடு ரெண்டுபட்டது.

"கண்டவங்க ரத்தத்தைக் கழுவிக்கினு ஊர் ஊரா சுத்தப் போறியா?" என்றாராம் மாமா.

"கழுவுறேன். உன் ஊட்டு அடுப்பக் கழுவிக்கினு கெடக்கிறதுக்கு அது எவ்வளவோ மேலு" என்றாராம் அம்மா.

அதன்பிறகு மாமா பல வருடம் அம்மாவோடு பேசவில்லை. அம்மா அதற்காக வருந்தியதாகவும் எனக்கு நினைவில்லை.

பயிற்சி முடித்து, பள்ளிப்பட்டு, பெரியபாளையம், கடைசியாகக் கும்மிடிப்பூண்டி என்று அம்மா நர்ஸாக வேலை பார்த்தார். நான் விடுதியில் தங்கிப் படித்தேன். ஆடி மாதத்தில் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு ஜனம் வண்டி வண்டியாக வரும். வேப்பிலை கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண்களை மறித்துக் காலரா ஊசி போடுவது அம்மாவின் வேலை. "ஆத்தா காப்பாத்துவா, ஊசி வேணாம்மா" என்று ஓடுகிறவர்களைத் துரத்திப் பிடித்து, "ஆத்தாதான் என்னை அனுப்பினா, கைய நீட்டு" என்பார். இந்த மலரைப் படிப்பவர்களில் எத்தனையோ பேர் அம்மாவின் கையில்தான் பிறந்தீர்கள். பிறகு அந்தக் கைக்கு என்ன நேர்ந்தது என்று கேளுங்கள்.

அம்மா வேலைக்கும் வெள்ளை உடுத்தினார், வீட்டிலும் வெள்ளை உடுத்தினார். எது நர்ஸ் வெள்ளை, எது விதவை வெள்ளை என்று யாருக்கும் பிரித்துப் பார்க்கத் தேவைப்படவில்லை. அறுபதுகளின் கடைசியில் ஓய்வு பெற்றபோது ஒரு வெள்ளை போய் இன்னொன்றுதான் மிஞ்சியது. அப்போது நான் சிங்கப்பூரில் இருந்தேன். என் கணவருக்குக் கப்பல் பட்டறை ஒன்றில் குமாஸ்தா வேலை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து எனக்குத் தலைப்பிரசவம். அம்மாவை வரச் சொல்லி எழுதினோம். மாமா எப்போதும் போலத் தடுத்தார். "பொண்ணு ஊட்டு சோத்த துன்னுக்கினு கெடக்கப் போறியா?" என்று கேட்டார். அம்மா கப்பல் ஏறிவிட்டார். பிரசவத்துக்கு என்று வந்தவர் எங்களோடே தங்கினார்.

சிங்கப்பூரில் அம்மா சொகுசாக இருந்ததாக உங்களில் பலர் பேசினீர்கள். எப்படி இருந்தார் என்று சொல்கிறேன். எங்களுக்கு அடுக்குமாடியில் சின்ன வீடு. அம்மா விடியுமுன் எழுந்து, குளித்து, கீழே இறங்கிப் போய் நடந்துவிட்டு வருவார். சந்தைக்குப் போய் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவார். குழந்தையைக் குளிப்பாட்டுவார். நாஷ்டா முடிந்ததும் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது.

"இந்த ஊர்ல யாரும் என்னைப் பாத்து ஒதுங்கிப் போவல. நேரா எதிர வர்றாங்க, சிரிச்சிட்டுப் போறாங்க. இத்தினி வருசம் நான் எங்க இருந்தேன்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சீன அம்மாள் இருந்தார். அம்மாவை விடச் சற்று மூத்தவர். அம்மா அவரைச் 'சீனக்கா' என்று கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது. இருவரும் சந்தையில் பொறுக்கிய நாலு மலாய் வார்த்தையை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பேசினார்கள். அருங்காட்சியகத்துக்கு முதலில் போனதும் சீனக்காவோடுதான். அங்கே கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்த திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் கீழே அம்மா வெகுநேரம் நின்றாராம். "முதுகெலும்பு நம்மளுது மாதிரியேதான் அடுக்கி வெச்சிருக்குது. கைவிரலு கூட கீது பாரேன்" என்று வீட்டுக்கு வந்து என் கணவருக்கு வரைந்து காட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பூங்காவில் வாத்தியக் கோஷ்டி வாசிக்கும். புல்லில் பாய் விரித்துக் கேட்பார். தமிழ் நாடகம் போட்டால் மண்டபத்தில் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பார்.

எல்லாவற்றையும் விட அம்மாவுக்குப் பிடித்தது சீனர்களின் தெருக் கூத்து. அவர்களுக்கு இறந்தவர்களுக்கென்று ஒரு மாதம் உண்டு. அந்த மாதத்தில் தெருவில் பலகை அடித்து மேடை கட்டுவார்கள். முகத்தில் வெள்ளையும் சிவப்பும் அப்பி, தலையில் மயிலிறகு போல நீளமாகச் செருகிக்கொண்டு ராஜாவும் ராணியும் வருவார்கள். தாளம் காதைப் பிளக்கும். முதல் முறை போனபோது அம்மா காலியாக இருந்த முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நாலு பக்கமிருந்தும் கத்தினார்கள். சீனக்கா ஓடிவந்து கையைப் பிடித்து எழுப்பி, அந்த வரிசை செத்தவர்களுக்கு என்று சைகையில் விளக்கினார். அம்மா வீட்டுக்கு வந்து சிரித்து மாளவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "செத்துப் போனவங்களுக்கே மொத வரிசை போட்டு வெக்கிறாங்கடி. எங்க ஊர்ல உசிரோட இருக்கிற முண்டச்சிக்குக் கடைசி வரிசை கூட கெடையாது."

அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறு வாரம் சிராங்கூன் சாலைக்குப் போய் இலைப் பச்சையில் ஒரு புடவை வாங்கினார். யாரையும் கேட்கவில்லை. கடைக்காரர் மேலே வைத்துப் பார்க்கச் சொன்னபோது, "பாக்க வேணாம், கட்டு" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே அதை உடுத்திக்கொண்டு, சீனக்காவோடு ஆளுக்கொரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு கூத்துக்குக் கிளம்பினார். என் அம்மாவை நான் முழுதாகப் பார்த்தது அந்தச் சில வருடங்களில்தான்.

அப்போதுதான் அத்தை வழி உறவினர் ஒருவர், துணி வியாபாரம் செய்பவர், சிங்கப்பூர் வந்தார். அத்தை என்றால் மாமாவின் மனைவி. அந்த வியாபாரி எங்கள் வீட்டில் தங்கினார். அம்மா சமைத்ததை ரசித்துச் சாப்பிட்டார். அம்மா அவரையும் கூத்துக்கு அழைத்துப் போனார். பச்சைப் புடவை கட்டி, மாற்று மதத்துக் கிழவியோடு தெருவில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்த விதவையை அவர் கண்குளிரப் பார்த்துக்கொண்டு ஊர் திரும்பினார். ஊரில் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கும் இந்த மலரை அனுப்பியிருக்கிறேன்.

கொஞ்ச நாளில் தந்தி வந்தது. மாமா கவலைக்கிடம், உடனே புறப்படு என்று. அம்மா அரண்டு போனார். எத்தனை பகை இருந்தாலும் கூடப்பிறந்தவர் அல்லவா? கிடைத்த முதல் கப்பலில் ஏறினார். வழியெல்லாம் அண்ணனை உயிரோடு பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனாராம்.

சென்னைத் துறைமுகத்தில் அம்மாவை அழைத்துப் போக வந்து நின்றவர் மாமா. கஞ்சி போட்ட வேட்டி, தோளில் துண்டு, வாயில் வெற்றிலை.

"அண்ணா, உனக்கு ஒடம்பு…" என்று அம்மா திகைத்து நின்றாராம்.

"எனக்கு இன்னா? கல்லு மாதிரி கீறேன். அப்பிடி தந்தி அடிச்சாத்தானே நீ வருவே?" என்றாராம் மாமா. பிறகு கையை நீட்டி, "பாஸ்போர்ட்ட குடு, பத்திரமா வெக்கிறேன்" என்றாராம். பிரயாணக் களைப்பிலும் அண்ணன் பிழைத்திருக்கிறார் என்ற நிம்மதியிலும் அம்மா கொடுத்துவிட்டார். பிள்ளை பெற்ற வீட்டிலும் செத்த வீட்டிலும் யாரையும் நம்பாமல் தானே தொட்டுப் பார்த்து முடிவு செய்த அம்மா, அந்த ஒரு தடவை நம்பினார்.

வீட்டுக்குப் போனால் அத்தை பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கட்டிலில் கிடக்கிறார். மலம், மூத்திரம் எல்லாம் படுக்கையில். மருமகள்கள் இருவரும் மூக்கை மூடிக்கொண்டு வாசலோடு நிற்கிறார்கள். குடும்ப மானம் போகிறது, விதவை கூத்துப் பார்க்கிறாள் என்று ஊரெல்லாம் பேசினீர்களே, அந்த மானத்துக்கு அடியில் இருந்தது இந்தக் கட்டில்தான். சம்பளம் கேட்காத நர்ஸ் ஒருத்தி வேண்டியிருந்தது. அவளைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க ஒரு தந்தி போதுமாக இருந்தது.

மறு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் ஊருக்கு வந்தேன், அம்மாவைக் கையோடு அழைத்துப் போக. கும்மிடிப்பூண்டியில் ரயிலை விட்டு இறங்கியபோது ஊரே மாறியிருந்தது. தொழிற்பேட்டைக்காக நிலத்தைச் சமன் செய்து, கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. மாமாவின் மகன்கள் இருவருக்கும் அங்கேயே வேலை. வீட்டுக்கு மாடி ஏறியிருந்தது. அம்மா கொல்லையில் அத்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். வெள்ளைப் புடவை. கைவிரல்கள் ஊறி வெளுத்திருந்தன. என்னைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

மாமாவிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டேன்.

"அது இன்னாத்துக்கு இப்ப?" என்றார்.

"அம்மாவை அழைச்சிட்டுப் போகணும் மாமா. குடுங்க."

"வெந்நி அடுப்புல போட்டுட்டேன்" என்றார், ஏதோ பழைய சுள்ளியைச் சொல்வது போல. "வயசான காலத்துல சீமைக்கு இன்னா சீமை? கூடப்பொறந்தவன் ஊட்டுல மூணு வேளை சோறு கீது, நெழலு கீது. அது போதாதா? ஊருல நாங்க தல நிமுந்து நடக்க வேணாமா?"

"நீ தல நிமிர எங்கம்மா குனிஞ்சி பீ அள்ளணுமா?" என்று கத்தினேன். வாழ்க்கையில் மாமாவை 'நீ' என்று கூப்பிட்டது அன்றுதான். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. உங்களில் பலர் அந்தக் கூட்டத்தில் நின்றீர்கள். ஒருவராவது வாய் திறந்தீர்களா? "பெரியவங்கள இப்பிடிப் பேசலாமாம்மா" என்று மட்டும் ஒருவர் சொன்னார். பெரியவர்!

அம்மாவிடம் போய், "கிளம்பும்மா. சென்னைல போய் வேற பாஸ்போர்ட் எடுத்துக்கலாம். அது வரைக்கும் லாட்ஜ்ல தங்கலாம்" என்றேன். அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் போனேன். அத்தையால் பேச முடியாது, பேசினாலும் வாய் கோணிக் குழறும். அம்மா அவரைத் தன் தோளில் சாய்த்து, ஒரே தம்மில் அடுத்த பக்கம் திருப்பிப் போட்டார். முதுகைத் திறந்து எனக்குக் காட்டினார். அத்தனை நாள் கிடந்த உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"நான் வந்துட்டா இவளுக்கு ஒரு வாரத்துல முதுகு புண்ணாயிடும். அப்புறம் புழு வெக்கும். இவ இன்னாடி பண்ணா? தந்தி அடிச்சது இவ இல்லியே."

"அப்ப உனக்குக் கோபமே இல்லையாம்மா?"

"யாரு சொன்னது? உசுரு வரைக்கும் கீது. கோவத்த வெச்சிக்கினேதான் தூக்கிப் பொரட்டறேன்" என்றார் அம்மா.

தியாகச் சுடர் என்று எழுதினவர்கள் இதைத் திரும்பப் படியுங்கள். அம்மா எதையும் விட்டுக் கொடுக்கவில்லை. அவரிடமிருந்து பிடுங்கினார்கள். நோயாளியை நடுவில் விட்டுப் போக மாட்டாள் என்று தெரிந்தே, அவருடைய நல்ல குணத்தையே கயிறாகத் திரித்துக் கட்டிப் போட்டார்கள். நான் அழுதுகொண்டே தனியாகக் கப்பலேறினேன். அம்மா மீதும் அன்று எனக்குக் கோபம்தான். இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

அதற்கடுத்த கோடையில் நடந்தது ஒன்றையும் இங்கே பதிய வேண்டும். இதைப் பார்த்து எனக்குச் சொன்னவர், அம்மாவோடு சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த ஆயா. ஊரில் பாரதக் கூத்து போட்டார்கள். அம்மா அத்தைக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு நேராக நடந்து போய் ஜனங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார். மாமா தன் பெரிய மகனை அனுப்பினார்.

"அத்தே, நைனா கூப்புடறாரு. எழுந்து வா, பேஜாரா பூடும்" என்றான் அவன். அம்மாவின் கையில் பிறந்தவன்.

"கட்டியங்காரன் வந்துட்டான். மறைக்காத, அந்தாண்ட போ" என்றார் அம்மா.

கூத்து முடியும் வரை எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் வீட்டுக்குப் போய் அத்தையைத் திருப்பிப் போட்டார். அதன்பிறகு மாமா வீட்டில் யாரும் பல நாள் அம்மாவோடு பேசவில்லை. அத்தை மட்டும் சிரித்தார் என்று ஆயா சொன்னார்.

அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது போன வருடம் ஒரு காலை வேளையில். மகன்கள் இருவரும் ஷிப்டுக்குப் போகிற நேரம். வந்து பார்க்கிறோம் என்று போய்விட்டார்கள். அம்மா தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்று தெருவில் வந்து நின்றிருக்கிறார். கம்பெனி ஆட்களை ஏற்றிப் போன வேன் ஓட்டுநர் ஒருவர், முன்பின் தெரியாதவர், ஆட்களை இறக்கிவிட்டு அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார். போகிற வழியில் அம்மா அவரிடம் சொன்ன கடைசிப் பேச்சு, "வீட்ல ஒரு பேஷண்ட்டு கீறாங்க, மத்தியானம் திருப்பிப் போடச் சொல்லு" என்பது. நான் விமானம் ஏறி வந்து சேர்ந்தபோது சாம்பல் கூடக் கரைத்தாகிவிட்டது.

பத்தாம் நாள் காரியத்தன்று, பந்தியில் இலை எடுப்பதற்குள் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். துக்கம் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, நீ நாலு இடம் தெரிஞ்ச பொண்ணு. உங்கத்தைய இனிமே பாத்துக்க யாரையாவது ஏற்பாடு பண்ணிக் குடேன். ரெண்டு நாளா நாத்தம் தாங்கல" என்றார்.

நான் எழுந்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். அத்தையின் முதுகில் புண் வந்துவிட்டிருந்தது. அம்மா எனக்குக் காட்டிய மாதிரியே கையை எங்கே கொடுப்பது, தோளை எப்படித் தாங்குவது, துணியை எப்படி உருவுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"எனக்குக் கொமட்டுது" என்றார் மாமா.

"எங்கம்மாவுக்கும் கொமட்டியிருக்கும். தூக்குங்க. நீங்க தாலி கட்டினவங்கதானே?"

தூக்கினார். முதல் தடவை அத்தை வலியில் முனகினார். மறுபடி தூக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. கதவருகே நின்ற மருமகள்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் கைகழுவிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனேன்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். ஷிப்டு தாமதமானால் சம்பளம் பிடிப்பார்கள் என்று தெரிந்தும் அம்மாவை ஏற்றிக்கொண்டு போன அந்த வேன் ஓட்டுநருக்கும், இறங்கி நடந்தே வேலைக்குப் போன தொழிலாளர்களுக்கும் நன்றி. வாரம் தவறாமல் வந்து அம்மாவுக்குப் பேச்சுத்துணையாக இருந்த ஆயாவுக்கு நன்றி. மாமியாரைத் தாயாக வைத்துக்கொண்ட என் கணவருக்கு நன்றி. செய்தி கேட்டு மூன்று நாள் சமைக்காமல் இருந்த சீனக்காவுக்கு நன்றி. இதை அவருக்கு யாராவது படித்துச் சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன்.

அன்று தெருவில் கூடி நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு நன்றி இல்லை.

மாமாதான் இப்போது அத்தையைக் காலையிலும் மாலையிலும் திருப்பிப் போடுகிறார் என்று ஆயா எழுதுகிறார். புண் ஆறிவருகிறதாம். நல்லது. அதற்காகவும் நான் அவருக்கு நன்றி சொல்லப் போவதில்லை. அது அவர் மனைவிக்கு அவர் செய்வது. என் அம்மாவுக்கு அவர் செய்தது என்னவென்று இப்போது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மகள்
சிங்கப்பூர்